முறையீடும் ஜெபமே: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்தும் வெவ்வேறு சபைகளிலிருந்தும் எழுதப்பட்டவை. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை ஒரே வருத்தத்தைச் சொல்லுகின்றன: துன்பம் வந்த நாளில் ஜெபம் வரவில்லை. அவற்றில் ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன். வேத வசனங்களை எங்கள் சி.எஸ்.ஐ. சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறேன். கத்தோலிக்க வாசகர்கள் தங்கள் திருவிவிலியத்தில் அதே பகுதிகளைக் காணலாம்.

கேள்வி: போதகர் ஐயாவுக்குத் தோத்திரம். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, சட்டினியும் சாம்பாரும் ஆயத்தம் செய்து, வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை போடுகிறேன். இரவில் வேதத்தைத் திறந்தால் இரண்டு வசனம் முடிவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. முன்பெல்லாம் ஒரு மணி நேரம் முழங்காலில் நின்று ஜெபித்தவள் நான். இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை; கோபம்தான் வருகிறது. "உன் ஜெபம் குறைந்ததால்தான் அவர் இன்னும் எழுந்து நடக்கவில்லை" என்று வீட்டுக்கு வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அது உண்மைதானா?
ஒரு சகோதரி, செல்லூர்

பதில்: அது உண்மையல்ல, சகோதரி. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவற்றைச் சொல்ல வேண்டும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்போ கசிவோ ஏற்படுவதால் பக்கவாதம் வருகிறது. மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு பாதிக்கப்பட்டது, எவ்வளவு விரைவில் சிகிச்சை கிடைத்தது, பிறகு பயிற்சி எவ்வளவு தொடர்ந்து நடக்கிறது என்பவற்றைப் பொறுத்தே ஒருவர் தேறுகிறார். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இயேசு சொன்னதை யோவான் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்டவரே சுமத்த மறுத்த பழியை உங்கள் மேல் சுமத்த அந்த விருந்தினருக்கு அதிகாரம் இல்லை. அவர் நல்லெண்ணத்தோடு பேசியிருக்கலாம். ஆனாலும் அந்தச் சொல்லை நீங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கோபம்தான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபத்தை ஜெபத்துக்கு எதிரானது என்று எண்ணி, அது அடங்கிய பிறகுதான் ஆண்டவரிடம் போக வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள் போலும். நம் தமிழில் "முறையிடுதல்" என்று ஒரு சொல் இருக்கிறது. நியாயம் செய்யக் கடமைப்பட்டவர் முன்னால் நின்று, நடந்தது நடந்தபடி சொல்லி, பதில் கேட்பது முறையீடு. கணவனை இழந்த ஒரு பெண் காற்சிலம்பைக் கையில் ஏந்தி அரசவைக்குள் நுழைந்து நியாயம் கேட்ட ஊர் நம்முடைய மதுரை. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. தன் குறையைக் கேட்கக்கூடியவர் என்று நம்புகிறவரிடம்தான் மனிதர் முறையிடுவர். ஆதலால் முறையீடு விசுவாசத்தின் குறைவைக் காட்டுவதில்லை. விசுவாசம் இன்னும் உயிரோடிருப்பதையே காட்டுகிறது.

வேதமும் இப்படியே சொல்லுகிறது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதத்தில், முதல் இரண்டு வசனங்களுக்குள்ளேயே "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. இதைக் கோவிலில் பாடும் புத்தகத்திலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று யூதரும் நினைக்கவில்லை, திருச்சபையும் நினைக்கவில்லை. சீலோவிலே அன்னாள் உதடு மட்டும் அசையச் சத்தமின்றி அழுதபோது, ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடிவெறியில் இருப்பவள் என்று தவறாக எண்ணிக் கடிந்துகொண்டான். "நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" என்பது அவள் சொன்ன மறுமொழி. ஊற்றுவது என்றால் தெளிந்ததை மட்டும் வடித்து ஊற்றுவதன்று. பாத்திரத்தில் உள்ள எல்லாமே வெளியே வரும். உங்கள் கோபமும் அதில் சேர்ந்தே வரட்டும்.

வார்த்தை வராததைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என் மனைவி சிறுநீரக நோயால் படுத்திருந்தபோது, மருத்துவமனை வராந்தாவில் பதினேழு இரவுகள் பாய் விரித்துக் கிடந்தேன். ஞாயிறுதோறும் சபையின் முன் நின்று நீண்ட ஜெபங்களைச் செய்து பழகிய நாவுக்கு அங்கே ஒரு வாக்கியம்கூட முழுதாக வரவில்லை. அந்த வார்டில் தரை துடைக்க வரும் கத்தோலிக்கப் பெண் ஒருவர், ஒவ்வொரு கட்டிலையும் கடக்கும்போது ஈரத் துணியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையால் கட்டிலின் இரும்புக் காலைத் தொட்டு, "சேசுவே" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்வார். இருபது கட்டில்கள் இருந்தால் இருபது முறை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ நானும் என் மனைவியின் கட்டில் காலைத் தொட்டு, "இயேசுவே" என்று சொல்லத் தொடங்கினேன். அந்தப் பதினேழு இரவுகளில் எனக்கு வாய்த்த ஜெபம் அவ்வளவுதான். அது போதாமல் போயிற்று என்று இன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை. நாம் இன்னது வேண்டிக்கொள்ள வேண்டும் என்று அறியாதிருக்கையில், "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" ஆவியானவரே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8-ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதியதை அதற்கு முன் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அதன் பொருள் அந்த வராந்தாவில்தான் எனக்குப் பிடிபட்டது.

ஆகவே இரவில் தூங்கிவிடுவதற்காக வருந்த வேண்டாம். மூன்று மணிக்கு எழுகிற உடம்பு ஒன்பது மணிக்குத் தூங்கத்தான் வேண்டும். "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்பதும் சங்கீதம்தான். ஜெபத்தை அடுப்படிக்குக் கொண்டுவாருங்கள். ஓர் ஈடு இட்லி வேகப் பத்து நிமிடம் ஆகும் அல்லவா? முதல் ஈட்டை அடுப்பில் ஏற்றும்போது, "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற ஒரு விண்ணப்பத்தை மட்டும் சொல்லுங்கள். தெருவுக்கே காலை ஆகாரம் சமைத்துக்கொண்டு அதைச் சொல்லுகிற உங்களுக்கு, ஆலயத்தில் உட்கார்ந்து சொல்லுகிற எங்களுக்குப் புலப்படாத பொருள் அதில் புலப்படும் என்று நம்புகிறேன். உங்கள் கணவரின் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிடும் நேரத்தில், ஒவ்வொரு விரலுக்கும் அவர் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுங்கள். பயிற்சியும் நடக்கும், ஜெபமும் நடக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின்கீழ் இயன்முறை சிகிச்சை தேவைப்படுவோருக்கு வீட்டுக்கே வந்து உதவும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். உங்கள் சபையாரிடமும் வெட்கப்படாமல் கேளுங்கள். வாரத்தில் இரண்டு மாலை யாராவது ஒருவர் வந்து அவர் அருகில் உட்கார்ந்தால் நீங்கள் இரண்டு மணி நேரம் தூங்கலாம். வஸ்திரமும் ஆகாரமும் இல்லாத சகோதரனிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் பிரயோஜனம் என்ன என்று யாக்கோபு கேட்கிறார். அந்தக் கேள்வி உங்கள் சபைக்கும் உரியது. வேண்டுமானால் இந்தப் பத்தியை உங்கள் போதகரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் மல்லிகை போட்டிருக்கிறேன். சென்ற ஆண்டு மொட்டுப் புழு விழுந்தது. பூ நிறைய வந்த மாதத்தில் விலை இல்லாமல் செண்ட் ஆலைக்குக் கொடுத்தேன். வட்டிக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது. ஒரு கூட்டத்தில், "கடன் தீர வேண்டுமானால் விசுவாசத்தோடு காணிக்கையை விதையுங்கள், நூறு மடங்காய் அறுப்பீர்கள்" என்று சொன்னார்கள். மனைவியின் கம்மலை அடகு வைத்து 25,000 ரூபாய் கொடுத்தேன். ஒரு வருடம் ஆகிவிட்டது. கடன் கூடியதுதான் மிச்சம். என் விசுவாசத்தில் என்ன குறை?
ஒரு விவசாயி, உசிலம்பட்டி அருகில்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் துக்கத்தோடு சினமும் வந்தது. குறை உங்கள் விசுவாசத்தில் இல்லை. உங்களிடம் அந்தக் காணிக்கையைக் கேட்டவர்களின் போதனையில் இருக்கிறது.

காணிக்கை கொடுப்பதற்கு வேதம் ஓர் அளவைத் தெளிவாக வைத்திருக்கிறது. மனவிருப்பம் இருந்தால், "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்று 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். அடகுக் கடையிலிருந்து வட்டிக்கு வாங்கிக் கொடுத்த பணம் "இல்லாததின்படி" கொடுத்தது. இரண்டு காசு போட்ட ஏழை விதவையை இந்தப் பிரசங்கிகள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். மாற்கு 12-ஆம் அதிகாரத்தைத் திறந்து, அந்த விதவைக்குச் சற்று மேலே உள்ள வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் செய்கிறவர்கள் அதிக ஆக்கினை அடைவார்கள் என்று இயேசு எச்சரித்த உடனேயே அந்த விதவை காணிக்கைப் பெட்டியின் அருகில் வருகிறாள். இரண்டையும் சேர்த்து வாசிக்கிற ஒருவர், கடனாளியின் மனைவியின் காதிலிருந்து கம்மலைக் கழற்றச் சொல்ல மாட்டார். நூறு மடங்கு விளைச்சலைப் பற்றிய உவமையில் விதைப்பது பணத்தையன்று. விதை வசனம் என்று மாற்கு 4-ஆம் அதிகாரத்தில் இயேசுவே விளக்கம் சொல்லியிருக்கிறார். நிலத்தில் விதைத்து அறுக்கிற உங்களுக்கு இது நன்றாகப் புரியும்: புழு விழுந்தால் மருந்தடிக்க வேண்டும், தண்ணீர் குறைந்தால் பாய்ச்ச வேண்டும். பயிருக்கு உள்ள இந்த ஒழுங்குகளை ஏற்படுத்தியவர் கடனுக்கு மட்டும் வேறு ஒழுங்கை வைத்திருக்கவில்லை.

சரி, என்ன ஜெபிப்பது? லூக்கா 18-ஆம் அதிகாரத்தில், தேவனுக்குப் பயப்படாத ஒரு நியாயாதிபதியிடம் ஒரு விதவை மறுபடியும் மறுபடியும் போய் நியாயம் கேட்கிறாள். சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபம்பண்ண வேண்டும் என்பதற்காக இயேசு இந்த உவமையைச் சொன்னார் என்று லூக்கா முன்னுரையாக எழுதுகிறார். ஜெபத்துக்கு உதாரணம் காட்ட வேண்டிய இடத்தில், ஒரு பெண் அலுவலகத்துக்கு நடையாய் நடந்த கதையை ஆண்டவர் எடுத்தார் என்பது என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைக்கிறது. அந்தப் பெண் வீட்டிலிருந்து ஜெபித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. போனாள், கேட்டாள், திரும்பவும் போனாள்.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். உங்கள் கடன் கந்து வட்டியாகவோ மீட்டர் வட்டியாகவோ இருந்தால், 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டத்தின்கீழ் அது குற்றம். திங்கட்கிழமைகளில் மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். வழக்குக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகி இலவச சட்ட உதவி கேளுங்கள். அடுத்த பருவத்துக்கு வட்டிக்காரரிடம் போகாமல், உங்கள் ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் விசாரியுங்கள். உரிய தவணையில் திருப்பிச் செலுத்துவோருக்கு அங்கே பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. வாங்கிய கடன், கொடுத்த வட்டி, தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மனு எழுதும் இரவில் அந்த நோட்டை உங்கள் வேதப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்து, நீங்களும் உங்கள் மனைவியுமாக அதை வரிவரியாக ஆண்டவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எசேக்கியா ராஜா, அசீரியர் அனுப்பிய மிரட்டல் நிருபத்தை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்தான் என்று 2 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வட்டிக்காரரின் சீட்டையும் அப்படி விரிக்கலாம்.

உங்கள் மனைவியிடம், கம்மல் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி இல்லாததால் கேட்கிறேன்.

கேள்வி: திருமணமாகி வந்த வீட்டில் எல்லோரும் இந்துக்கள். அத்தை என்னை மகள்போல் நடத்துகிறார். ஆனால் தனியாக ஜெபிக்க இடமோ நேரமோ இல்லை, கைக்குழந்தை வேறு. என் விசுவாசம் கரைந்துபோய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
ஒரு வாசகி, திருநகர்

பதில்: மகளே, நெகேமியா 2-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பார். ராஜா கேள்வி கேட்கிறான். நெகேமியா, "பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி", உடனே ராஜாவுக்குப் பதில் சொல்லுகிறான். கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் ஒரு மூச்சு நேரம்தான் இருந்திருக்கும். பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்காது. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும், தண்ணீர் பிடிக்கும்போதும், டவுன் பஸ்ஸில் நிற்கும்போதும் அந்த அளவு நேரம் உனக்குக் கிடைக்கும். அத்தையிடம் ஒளிக்கவும் வேண்டாம். அவர் மாலையில் விளக்கேற்றிக் கும்பிடும் வேளையில், "எனக்கும் பத்து நிமிடம் வேண்டும் அத்தை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேள். பக்தியுள்ளவர்களுக்குப் பக்தியின் தேவை புரியும். என் ஊழியத்தில் எத்தனையோ கலப்புக் குடும்பங்களில் இதைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி: வயது 24. வேலை போய் ஏழு மாதம் ஆகிறது. தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, செத்துப்போனால் நல்லது என்று சில நாள் தோன்றுகிறது. உபவாசம் இருந்து ஜெபித்தால் சரியாகும் என்கிறார் அம்மா. மனநல மருத்துவரிடம் போவது அவிசுவாசமா?
ஒரு வாசகர், மேலூர்

பதில்: தம்பி, அவிசுவாசம் அல்ல. தாமதிக்காமல் போக வேண்டும். செத்துப்போக வேண்டும் என்ற எண்ணம் இப்போது வந்துகொண்டிருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு வீட்டில் ஒருவரிடம் வாய்திறந்து சொல்லிவிடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றிப் பேசலாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகும்போது அம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் சொல்லுவதை அவரும் கேட்கட்டும்.

உங்கள் நிலையில் இருந்த ஒருவரை வேதம் மறைக்காமல் காட்டுகிறது. கர்மேல் மலையில் வெற்றிபெற்ற எலியா, அதன்பின் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டார். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். அதற்குத் தேவன் என்ன செய்தார் என்று பாருங்கள். கடிந்துகொள்ளவில்லை, உபவாசம் இருக்கச் சொல்லவில்லை. எலியா தூங்கினார், தூதன் தட்டி எழுப்பினான், தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. புசித்துக் குடித்துத் திரும்பவும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லிச் சாப்பிட வைத்தான். தூக்கம், சாப்பாடு, மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. ஓரேபிலே மெல்லிய சத்தத்தில் ஆண்டவர் பேசியது அதற்கு நாற்பது நாள் கழித்து.

ஆகையால் இப்போது நீங்கள் உபவாசம் இருக்க வேண்டாம். ஏற்கனவே சாப்பாடு இறங்காத உடம்புக்கு அது நல்லதல்ல. அம்மாவுக்கு என் வார்த்தை இது: அம்மா, மகனுக்காக நீங்கள் ஜெபியுங்கள், அந்தச் சுமையை அவன் மேல் வைக்காதீர்கள். எலியாவுக்குத் தூதன் செய்ததை அவனுக்குச் செய்யுங்கள். பவுலோடு கூடவே பயணம் செய்த லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்று கொலோசெயர் நிருபம் அழைக்கிறது. அப்போஸ்தலருடைய கூட்டத்தில் வைத்தியருக்கு இடம் இருந்தது.

கேள்வி: எங்கள் ஒரே மகள் டெங்குக் காய்ச்சலில் இறந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. அவளுக்கு ஒன்பது வயது. "கடவுளுக்கு அந்தப் பூ பிடித்துவிட்டது, பறித்துக்கொண்டார்" என்று உறவினர்கள் ஆறுதல் சொல்லுகிறார்கள். அதிலிருந்து என் மனைவி பூசைக்கு வர மறுக்கிறாள், செபமாலையைத் தொடுவதில்லை. நான் தனியாகப் போகிறேன். அவளை எப்படித் திரும்ப அழைத்து வருவது?
ஒரு தந்தை, ஞானஒளிவுபுரம்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை என் மேசையில் மூன்று வாரம் வைத்திருந்தேன். உடனே பதில் எழுத மனம் துணியவில்லை.

பிள்ளைகளைப் பறித்துக்கொள்ளும் தோட்டக்காரராக இயேசு தம் பிதாவை எங்கும் காட்டவில்லை. உறவினர்கள் அன்பினால் சொல்லியிருப்பார்கள் என்பதில் ஐயம் இல்லை. துக்க வீட்டின் அமைதியைத் தாங்க முடியாதபோது மனிதர் எதையாவது சொல்லிவிடுகிறோம். யோபுவின் நண்பர்கள் அவரைத் தேடி வந்து, ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் தவறினார்கள். கடைசி அதிகாரத்தில் கர்த்தர், தம்மைக் குறித்து யோபு பேசியதே சரி என்றும் நண்பர்கள் பேசியது சரியன்று என்றும் தீர்ப்புச் சொல்லுகிறார். யோபு பேசியதில் பெரும்பகுதி முறையீடு என்பதை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் மனைவியைத் திரும்ப அழைத்து வருவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். யோவான் 11-ஆம் அதிகாரத்தை இந்தக் கேள்வியோடு ஒருமுறை வாசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். லாசரு இறந்து நான்கு நாள் ஆனபின் இயேசு பெத்தானியாவுக்கு வருகிறார். மார்த்தாள் எதிர்கொண்டு போகிறாள்; "மரியாளோ வீட்டிலே உட்கார்ந்திருந்தாள்" என்று யோவான் எழுதுகிறார். ஏன் வரவில்லை என்று இயேசு குறைகூறவில்லை. அவளை அழைத்தனுப்பிவிட்டு, ஊருக்குள் வராமல், மார்த்தாள் தம்மைச் சந்தித்த அதே இடத்தில் நிற்கிறார். அந்த அழைப்பைக் கேட்டவுடன் மரியாள் எழுந்து வருகிறாள். வந்து, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்க மாட்டான் என்று அழுகிறாள். அவள் அப்படிக் குறை சொன்னதற்கு இயேசுவிடமிருந்து வந்த மறுமொழி ஒரு போதனையாக இல்லை. அவர் கண்ணீர் விட்டார்.

உங்கள் வீட்டில் மார்த்தாளும் மரியாளும் இருக்கிறீர்கள். நீங்கள் போகிறீர்கள், அவர் உட்கார்ந்திருக்கிறார். வற்புறுத்தாதீர்கள். நீங்கள் பூசைக்குப் போய் வாருங்கள்; வந்து, அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. அவர் கேட்டால் சொல்லுங்கள். இரவில் செபமாலையை நீங்கள் சொல்லுவதாக இருந்தால் அவர் இருக்கும் அறையிலேயே மெதுவாகச் சொல்லுங்கள். பதில் செபம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் பங்குத்தந்தையை வீட்டுக்கு அழைப்பதானால், பேசாமல் உட்கார்ந்திருக்கத் தயாராக வரும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். பிள்ளையின் துணிகளை, நோட்டுப் புத்தகங்களை எப்போது எடுத்து வைப்பது என்பதையும் உங்கள் மனைவியின் போக்குக்கே விடுங்கள். மாதங்கள் சென்றும் அவர் உண்ணாமலும் உறங்காமலும் மெலிந்துகொண்டே போனால், மேலூர்த் தம்பிக்கு எழுதியதை அவருக்கும் எழுதியதாகக் கொள்ளுங்கள்.

கீழவெளி வீதியில் உள்ள உங்கள் பேராலயம் வியாகுல அன்னைக்கு நேர்ந்தளிக்கப்பட்டது. எங்கள் சபை மரபில் மாதாவிடம் மன்றாடும் வழக்கம் இல்லை. ஆனாலும் நான் அந்த வழியாக நடந்துபோகும் நாள்களில், மதுரை உயர்மறைமாவட்டம் தன் தலைமை ஆலயத்துக்கு, வேறு எத்தனையோ பட்டங்கள் இருக்க, பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் பெயரை வைத்திருக்கிறதே என்று எண்ணிக்கொள்வேன். அங்கே பூசை இல்லாத ஒரு மத்தியான வேளையில், கூட்டமும் பாட்டும் இல்லாதபோது, ஒரு மூலையில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாமா என்று எப்போதாவது ஒருநாள் உங்கள் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். செப்டம்பர் 15 அந்த அன்னையின் திருநாள். அன்று வேண்டுமானால் மறுபடி கேட்கலாம்.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கடிதம் முழுவதும் மனைவியைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். 88-ஆம் சங்கீதம் என்று ஒன்று இருக்கிறது. முறையீட்டுச் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்பிவிடும், இது திரும்புவதில்லை. எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதை எழுதியவருக்கு அன்று அதற்குமேல் சொல்ல இயலவில்லை. வேதத்தில் யாரும் அதற்கு ஒரு நல்ல முடிவை எழுதிச் சேர்க்கவும் இல்லை. ஆலயத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஞாயிறுகளில் உங்களுக்குப் பாட முடியாமல் போனால் அதை வாசியுங்கள்.

உங்கள் மகளின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். இங்கே அச்சிட மாட்டேன். காலை ஜெபத்தில் பெயரோடு சொல்ல விரும்புகிறேன்.